ஒரே லொகின், அஞ்சு பேர்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழிலை கடைக் கணக்கைக் கொப்பியிலையிருந்து கொம்பியூட்டருக்கு மாத்திறதைப் பற்றி எழுதினாங்கள். அதுக்குப் பிறகு வந்த கேள்வியள் கனக்க ஒரு விசயத்தைத்தான் சுத்துது: சொப்ட்வெயருக்குள்ள ஆரை விடுறது, எவ்வளவு தூரம் விடுறது. பேரையும் கடைப் பேரையும் எடுத்துப்போட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறம், ஊரைச் சொன்னாலே ஆள் தெரிஞ்சிடும் எண்டு பயந்தவையின்ர கேள்வியளைப் போடேல்லை.

கேள்வி: பரந்தன் பக்கம் அரிசி ஆலை நடத்திறம். நெல்லுக் கொள்வனவு, அரிசி பில், ஸ்டொக் எல்லாம் ஒரே சொப்ட்வெயர். அஞ்சு பேர் வேலை செய்யினம், அஞ்சு பேருக்கும் ஒரே 'அட்மின்' லொகின்தான் (எல்லாத்தையும் மாத்தக்கூடியது), பாஸ்வேர்ட் சுவரிலை ஒட்டிக் கிடக்கு. காலபோக அறுவடை நேரம் லாச்சியிலை காசு குறைஞ்சிது, துருவிப் பாத்தா சில பில்லுகள் அழிஞ்சிருக்கு. எல்லாரும் என்ர அக்காவின்ர மகனைத்தான் சந்தேகப்படீனம். ஆர் எப்ப என்ன செய்தது எண்டு சொப்ட்வெயர் எழுதி வைக்கிற லொக்கை எடுத்துப் பாத்தா ஆர் எண்டு பிடிக்கலாமோ?

பதில்: ஏலாது அண்ணை. லொக் இருக்கும், அதிலை இத்தினை மணிக்கு 'அட்மின்' இந்த பில்லை அழிச்சிருக்கு எண்டும் இருக்கும், ஆனா உங்கட ஆலையிலை அட்மின் எண்டா அஞ்சு பேர், உங்களோடை சேத்தா ஆறு. சில சொப்ட்வெயரிலை எந்தக் கொம்பியூட்டர் எண்டும் காட்டும், அறுவடை நேரம் அந்தக் கதிரையிலை ஆர் ஆர் மாறி மாறி இருந்தது எண்டு இப்ப ஆருக்கு ஞாபகம்? அந்தப் பெடியன்தான் எடுத்தவன் எண்டு உங்களாலை சொல்ல ஏலாது, தான் எடுக்கேல்லை எண்டு அவனாலை காட்டவும் ஏலாது, ரெண்டாவதுதான் எனக்குப் பெரிய அநியாயமாத் தெரியுது. அதாலை அந்த விசாரணையை விடுங்கோ, ஆதாரமில்லாமல் ஒரு பிள்ளையின்ரை பேரை ஊர் முழுக்க இழுக்காதேங்கோ.

இனி நடக்கிறதைப் பாப்பம். முதல் வேலையா சுவரிலை இருக்கிறதைக் கிழிச்செறிஞ்சு அட்மின் பாஸ்வேர்ட்டை மாத்துங்கோ, அது உங்களிட்டை மட்டும் இருக்கட்டும், அதுகூட தினசரி பாவிக்கிறதுக்கில்லை, நீங்கள் பில் போடுறதெண்டாலும் உங்கட பேரிலை சாதாரண யூசர் ஒண்டு திறந்து அதாலை போடுங்கோ. பிறகு ஒவ்வொருத்தருக்கும் அவரவர் பேரிலை லொகின். 'கவுண்டர் 1', 'கவுண்டர் 2' எண்டு போட்டா திரும்பவும் பழைய கதைதான், ஏனெண்டா கவுண்டருக்கு வாய் இல்லை.

அடுத்தது ஆருக்கு என்ன. தராசடியிலை நிக்கிறவர் விவசாயியின்ர பேர், மூட்டை, நிறை, ஈரப்பதம் இதுகளைப் பதிஞ்சாக் காணும், கிலோ என்ன விலை எண்டு மாத்திற வேலை அவருக்கு இல்லை. பில் போடுறவர் பில் போடுவார், விலை தானா வரும், கழிவு குடுக்கிறதெண்டா ஒரு எல்லைக்குள்ளதான், அதுக்கு மேலை எண்டா உங்கட ஓகே வேணும். ஸ்டோர்க்காரர் அரிசி, தவிடு, குறுணல் வெளியிலை போறதைப் பதிவார், காசுப் பக்கம் அவருக்குத் திறக்கவே கூடாது. இப்பிடி வேலையை வைச்சு பெர்மிஷனைக் கட்டி அதுக்கொரு பேர் வைக்கிறதைத்தான் சொப்ட்வெயர்க்காரர் 'ரோல்' எண்டுகினம், ஆளை ரோலிலை போடுறது, ரோலுக்குப் பெர்மிஷன் குடுக்கிறது, நேரா ஆளுக்கு ஆள் டிக் போட்டுக்கொண்டு போனா ஆறு மாசத்திலை ஆரிட்டை என்ன இருக்கு எண்டு உங்களுக்கே விளங்காது. அமெரிக்காவின்ர தர நிர்ணய நிறுவனமான நிஸ்டிலை இருந்த பெராயோலோ, கூன் எண்ட ரெண்டு பேர் 1992இலை இதை ஒழுங்கா எழுதி வைச்சவை, இண்டைக்கு நீங்கள் வாங்கிற கணக்கு சொப்ட்வெயர் பெரும்பாலும் அந்த வழியிலைதான் போகுது. இதிலை இன்னொரு நன்மையும் கிடக்கு, ஆரும் பெரிசாச் சொல்லுறேல்லை: பெர்மிஷன் குறைஞ்சா கன சொப்ட்வெயரிலை மெனுவும் குறையும். ஏ.எல் முடிச்சிட்டுப் புதுசா வாற பிள்ளைக்கு நாப்பது இங்கிலிஸ் மெனுவைக் காட்டிப் பயப்பிடுத்தாமல் நாலைக் காட்டினா ரெண்டு நாளிலை வேலை பிடிபடும், பிழையும் குறையும்.

பில் அழிக்கிற பெர்மிஷனை ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ, உங்களுக்கும் வேண்டாம். பிழையான பில் எண்டா ரத்துச் செய்யிறது, அப்ப அந்த பில் நம்பர் அப்பிடியே இருக்கும், ஆர் ரத்துச் செய்தது, ஏன் எண்டதும் இருக்கும். ஈஆர்பிநெக்ஸ்ட் மாதிரி கணக்கு சொப்ட்வெயரிலை பில்லை ஒருக்கா சப்மிட் பண்ணினா பிறகு தொகையைத் திருத்த விடாது, கான்சல் பண்ணித் திருத்தின பில்லை வேற நம்பரிலைதான் போடவேணும், முதல்லை எரிச்சலா இருக்கும், பழகினாப் பிறகு அதுதான் நிம்மதி. பழைய திகதி போட்டு எழுதிறதையும் அடையுங்கோ, பில் அழிக்க விடாட்டி அடுத்த வழி அதுதான். டாலி எண்ட கணக்கு சொப்ட்வெயரிலை யூசர் ரோலுக்குள்ள எத்தினை நாள் பின்னுக்குப் போய்ப் பதியலாம் எண்டு நாள் கணக்குக் குடுக்கலாம், குவிக்புக்ஸ் எண்டதிலை கணக்கு முடிச்ச திகதியைப் போட்டு அதுக்கொரு பாஸ்வேர்ட் வைக்கலாம், அதுக்கு முந்தின பதிவிலை கை வைக்கிறதெண்டா பாஸ்வேர்ட் கேக்கும்.

ஆலையிலை எனக்கு உண்மையாப் பயமான இடம் பில் இல்லை, விவசாயிக்குக் குடுக்கிற முற்பணம். விதைப்பு நேரம் காசு போகும், நெல்லு வந்தாப் பிறகு கழிபடும், நடுவிலை மாசக்கணக்கா அந்தத் தொகை ஒரு பேருக்கு நேரை சும்மா கிடக்கும். அந்தப் பேர் உண்மையான விவசாயியோ எண்டு ஆர் பாக்கிறது? முற்பணம் பதியிறவர் ஒருத்தர், அதை அப்ரூவ் பண்ணுறவர் வேற ஒருத்தர், புது விவசாயியின்ர பேரைச் சேக்கிறது மூண்டாவது ஆள் எண்டா இன்னும் நல்லம்.

மருமகனுக்கு லொகினைக் குறைச்சா அக்கா கோவிப்பா எண்டு யோசிப்பியள். அப்ப உங்கட மனிசியின்ர லொகினிலையிருந்து தொடங்குங்கோ, எல்லாருக்கும் ஒரே நாளிலை செய்யுங்கோ, நாளைக்கு ஒரு ஐஞ்சூறு ரூவா குறைஞ்சாலும் உன்ர பேரை ஆரும் சும்மா எடுக்கக் கூடாது எண்டுதான் இது எண்டு அவனுக்கு நேரை சொல்லுங்கோ.

கேள்வி: புதுக்குடியிருப்பிலை ஹார்ட்வெயர் கடை. இவர் சுவிஸிலை, காசு அவர் போட்டது, கடை பாக்கிறது நான். இப்ப தனக்கு அட்மின் வேணும் எண்டு நிக்கிறார், தம்பியாருக்கும் குடு எண்டுறார். குடுக்காட்டி கள்ளக் கணக்கு எண்டு நினைப்பாரோ எண்டு பயமாக் கிடக்கு.

பதில்: தங்கச்சி, புருசன் பெண்சாதி வழக்குக்கு நான் தீர்ப்புச் சொல்ல வெளிக்கிட்டா பத்திரிகையை மூட வேண்டி வரும். சொப்ட்வெயர் பக்கத்தை மட்டும் சொல்லுறன். அவருக்கு வேண்டியது பாக்கிறது: இண்டைக்கு என்ன வித்தது, சீமெந்து எத்தினை பைக்கற் கிடக்கு, ஆர் எவ்வளவு கடன், பாங்கிலை என்ன. அது எல்லாத்தையும் பாக்கிற, ஆனா ஒண்டையும் மாத்தாத ரோல் ஒண்டு போடலாம், ரிப்போட் முழுக்கத் திறந்து விடுங்கோ, ஒண்டையும் ஒளிக்காதேங்கோ, கள்ளக் கணக்கு எண்ட எண்ணம் அதோடை போயிடும். அவர் அங்கை வேலை முடிஞ்சு வந்து போனை எடுக்கேக்கை இங்கை நீங்கள் கடை பூட்டியிருப்பியள், அந்த நேரம் அவர் கம்பி விலையை மாத்தி விட்டா விடிய வாற மேசனுக்கு நேற்று சொன்ன விலை ஒண்டு, பில்லிலை வாற விலை ஒண்டு, பேச்சு வாங்கிறது நீங்கள்.

ஆனா ஒரு இடத்திலை அவர் சொல்லுறது சரி. அட்மின் ஒரே ஒரு ஆளிட்டை இருக்கிறதும் ஆபத்து. உங்களுக்கு ஒண்டெண்டா, போன் துலைஞ்சுதெண்டா கடையே நிண்டுபோம். அதாலை அவற்றை பேரிலை ரெண்டாவது அட்மின் ஒண்டு போடுங்கோ, அவசரத்துக்கு மட்டும், தினசரி பாக்கிறதுக்கு மற்ற லொகின். ரெண்டையும் ஒண்டாக்க விடாதேங்கோ.

தம்பியார் என்ன வேலை செய்யிறார் எண்டு நீங்கள் எழுதேல்லை. சாமான் இறக்கிறவர் எண்டா சாமான் வரவு பதியிற பெர்மிஷன், அவ்வளவுதான், முதலாளியின்ர தம்பி எண்டது ஒரு ரோல் இல்லை. அடுத்தது, தூர இருந்து உங்கட கொம்பியூட்டரை இயக்கிற எனிடெஸ்க்கைப் போட்டு ஆள் இல்லாத நேரமும் உள்ளுக்கை வாறமாதிரி பாஸ்வேர்ட் குடுத்திருந்தா அதை நிப்பாட்டுங்கோ. அதாலை உள்ளுக்கை வாறவர் உங்கட கதிரையிலை இருக்கிறமாதிரித்தான், நீங்கள் லொகின் பண்ணி விட்டிட்டுப் போயிருந்தா அவர் செய்யிறதெல்லாம் உங்கட பேரிலை பதியும்.

கேள்வி: மல்லாவிப் பக்கம் ஒரு சிக்கன கடன் கூட்டுறவுச் சங்கத்திலை லிகிதரா இருக்கிறன். 'தலைவர்', 'செயலாளர்', 'பொருளாளர்' எண்டு மூண்டு லொகின். நிர்வாகம் மாறேக்கை பாஸ்வேர்ட் துண்டிலை எழுதிக் கைமாறும். பழைய பொருளாளர் இப்பவும் உள்ளுக்கை போய்ப் பாக்கிறார் போல. அவற்றை லொகினை அழிச்சு விடட்டோ?

பதில்: அழியாதேங்கோ. அந்த லொகினாலை வருசக்கணக்கா வவுச்சர் எழுதியிருக்கு, சில சொப்ட்வெயரிலை யூசரை அழிச்சா அந்த வவுச்சருகள் பேரில்லாமல் நிக்கும், நல்ல சொப்ட்வெயர் எண்டா அழிக்கவே விடாது. செயலிழக்கச் செய்யிறது எண்டு ஒண்டு இருக்கும், ஓடூ எண்ட சொப்ட்வெயரிலை ஆர்க்கைவ் எண்டு வரும், அதைச் செய்யுங்கோ, ஆள் உள்ளுக்கை வர ஏலாது, அவர் செய்தது அவற்றை பேரிலையே கிடக்கும். உங்கட கேஸிலை இன்னொரு சிக்கலும் இருக்கு: 'பொருளாளர்' எண்ட லொகினுக்குப் பின்னாலை எத்தினை பொருளாளர் வந்து போயிட்டினம்? பதவி எண்டது ரோல், ஆள் எண்டது யூசர். புதுப் பொருளாளர் வந்தா அவற்றை பேரிலை புது யூசர் திறந்து பொருளாளர் ரோலைக் குடுங்கோ, பழையவரிட்டையிருந்து அண்டைக்கே எடுங்கோ, எடுத்தது எண்டு கூட்டக் குறிப்பிலை ஒரு வரி எழுதுங்கோ. பழைய பொருளாளரைக் குற்றம் சாட்டிறது இல்லை இது. நாளைக்குக் கணக்காய்வுக்கு வாறவை, இவற்றை காலம் முடிஞ்சாப் பிறகும் இந்த லொகினாலை பதிஞ்சிருக்கே எண்டு கேட்டா மாட்டுப்படுறது அவர்தான்.

நீங்கள் கேக்காத ஒண்டையும் சொல்லிறன். கடன் விண்ணப்பத்தைப் பதியிறதும் நீங்கள், காசு விடுவிக்கிறதும் நீங்கள் எண்டு இருந்தா அதைப் பிரிக்கச் சொல்லிக் கேளுங்கோ, பாங்க்காரர் மேக்கர், செக்கர் எண்டு சொல்லுறது இதைத்தான். 1762இலை லண்டனிலை தொடங்கின பெயரிங்ஸ் எண்ட பாங்க் 1995 பெப்ரவரியிலை படுத்திட்டுது. சிங்கப்பூர்க் கிளையிலை நிக் லீசன் எண்ட ஒரு ஆளே வியாபாரமும் செய்து, அந்த வியாபாரத்தின்ர கணக்கைச் சரி பாக்கிற பகுதிக்கும் பொறுப்பா இருந்தவர், நட்டத்தை, வியாபாரப் பிழையளைப் போட்டு வைக்கிற ஒரு கணக்குக்குள்ள ஒளிச்சு ஒளிச்சு வந்து கடைசியிலை 827 மில்லியன் பவுண் போட்டுது, பாங்கை ஐஎன்ஜி எண்ட டச்சுக் கொம்பனி ஒரு பவுணுக்கு வாங்கினது. லண்டன் பாங்குக்கே அந்தக் கதி, மூண்டு பேர் இருக்கிற சங்கத்திலை ஆளில்லை எண்டு சாட்டுச் சொல்ல வேண்டாம், பதிய ஒருத்தர், விடுவிக்க ஒருத்தர், ரெண்டு பேர் காணும். பொருளாளர் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியிலை நிக்கிறார் எண்டா பாஸ்வேர்ட்டைப் போனிலை கேட்டு வாங்காமல் வேற நிர்வாக உறுப்பினருக்கு அந்த ரோலைத் தற்காலிகமாக் குடுங்கோ, எப்ப எடுக்கிறது எண்ட திகதியையும் அப்பவே குறிச்சு வையுங்கோ, ஏனெண்டா குடுக்கேக்கை இருக்கிற ஞாபகம் எடுக்கேக்கை ஒருத்தருக்கும் இருக்கிறேல்லை.

கேள்வி: வவுனியாவிலை பாமசி ஒண்டிலை வேலை. முதலாளி தன்ர லொகினாலையே என்னைப் பில் போடச் சொல்லுறார். பிழை எண்டு சொல்லப் பயமா இருக்கு.

பதில்: அவர் குடுத்துத்தானே போடுறியள் பிள்ளை, கள்ளமா நுழைஞ்சதாகாது. அனுமதியில்லாமல் ஒரு கொம்பியூட்டருக்குள்ள போறதைத்தான் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் குற்றம் எண்டுது. ஆனா பிறகு பிரச்சினை வந்தா 'நான் குடுக்கேல்லை' எண்டு அவர் சொன்னா உங்களிட்டைக் காட்ட ஒண்டும் இருக்காது. பிழை எண்டு சொல்லாதேங்கோ, உதவி மாதிரிக் கேளுங்கோ: "அண்ணை, உங்கட பேரிலை நான் பிழையா அடிச்சா உங்களுக்குத்தான் கரைச்சல், எனக்கொரு லொகின் திறந்து விடுங்கோவன்." இதை வாட்ஸ்அப்பிலை எழுதிக் கேளுங்கோ. அவர் மாட்டன் எண்டாலும் நீங்கள் கேட்டது இருக்கும்.

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் பால் சேகரிக்கிற நிலையம். ஒவ்வொரு வீட்டுப் பால் லீற்றர், கொழுப்பு, காசு எல்லாம் கூகிள் ஷீட்டிலை போட்டு லிங்கை வாட்ஸ்அப் குறூப்பிலை போட்டிருக்கிறம், சனம் தங்கட கணக்கைப் பாக்கலாம் எண்டு. அடையாள அட்டை நம்பர், பாங்க் நம்பர் இருக்கிற கொலத்தை (நிரலை) மறைச்சு விட்டிருக்கிறம். சரிதானே?

பதில்: சரியில்லை, இண்டைக்கே அந்த லிங்கை நிப்பாட்டுங்கோ. மறைக்கிறது எண்டது கண்ணுக்கு மட்டும்தான், ஷீட்டைக் கொப்பி பண்ணி எடுத்தா மறைச்ச கொலத்தை ஒரு கிளிக்கிலை திறக்கலாம். 'புரொடெக்ட்' எண்டு இருக்கிறதும் மாத்த விடாமல்தான் தடுக்கும், பாக்கிறதைத் தடுக்காது. லிங்க் வைச்சிருக்கிற எவரும் எடிட் பண்ணலாம் எண்டு வேற விட்டிருந்தியள் எண்டா ஆரும் லீற்றரைக் கூட்டிக் குறைக்கலாம், கூகிள் கணக்காலை உள்ளுக்கை வராட்டி ஹிஸ்டரியிலை பேரில்லாத ஆள் எண்டுதான் காட்டும். குறூப்பிலை போட்ட லிங்க் குறூப்போடை நிண்டிடும் எண்டும் நினைக்காதேங்கோ.

நான் எண்டா ரெண்டு பைல் வைச்சிருப்பன். நம்பருகள் இருக்கிற பைல் உங்களுக்கும் இன்னொருத்தருக்கும் மட்டும், மெயில் ஐடி போட்டுக் குடுத்தது. சனத்துக்குக் காட்டுற பைலிலை அட்டை நம்பர் வரவே கூடாது, அதுவும் வியூவர் மட்டும். ஒரு ஷீட்டிலையிருந்து மற்றதுக்கு விபரத்தை எடுக்கிற இம்போர்ட்ரேஞ்ச் எண்ட போர்முலாவைப் போட்டு முதல் பைலிலையிருந்து இழுக்கிறதெண்டா கவனம், ரெண்டாவது பைலை எடிட் பண்ணக்கூடிய ஆள் முதல் பைலிலை இருக்கிற எதையும் அதே வழியாலை இழுக்கலாம். இன்னும் நல்லது என்னெண்டா ஒவ்வொருத்தற்றை கணக்கையும் அவரவருக்குத் தனியா வாட்ஸ்அப்பிலை அனுப்புறது, பக்கத்து வீட்டு மாடு எவ்வளவு கறக்குது எண்டு எல்லாருக்கும் தெரிய வேணுமே? இலங்கையிலையும் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு வந்திருக்கு, சனத்தின்ர விபரத்தைச் சேக்கிறவை அதைப் பொறுப்பா வைச்சிருக்க வேணும் எண்டுதான் அதின்ர சாரம், சின்ன நிலையம் எண்டு தள்ளி வைக்காதேங்கோ.

கேள்வி: மாசா மாசம் பாஸ்வேர்ட் மாத்தச் சொல்லி எங்கட மனேஜர் அரியண்டம். தேவையோ? லொகின் பண்ணேக்கை போனுக்கு நம்பர் வாற ஓடீபி போட்டா முத்தையன்கட்டுப் பக்கம் சிக்னல் இல்லாமல் மெசேஜ் வாறேல்லை.

பதில்: மாசம் மாசம் மாத்தச் சொன்னா சனம் பழைய பாஸ்வேர்ட்டுக்குப் பின்னாலை 1, 2, 3 எண்டு போட்டுக்கொண்டு போகும், நீங்களும் அதைத்தான் செய்யிறியள் எண்டு நினைக்கிறன். நிஸ்ட் 2017இலையே காரணமில்லாமல் காலக்கெடு வைச்சு மாத்தச் சொல்ல வேண்டாம் எண்டு எழுதிப்போட்டுது. நீளமா ஒண்டு வையுங்கோ, வேற ஆருக்கும் தெரிஞ்சிட்டுது எண்டா உடனை மாத்துங்கோ. சிக்னலுக்கு வழி ஓதென்ரிக்கேற்றர் அப், அது போனுக்குள்ளேயே நம்பரைக் கணக்குப் பண்ணி முப்பது செக்கனுக்கொருக்கா மாத்தும், சிக்னலும் டேட்டாவும் தேவையில்லை, போனிலை நேரம் சரியா இருந்தாக் காணும். ஓடீபி போற சிம் ஆற்றை பேரிலை எண்டதையும் ஒருக்காப் பாருங்கோ, வேலையை விட்டிட்டுப் போனவற்றை நம்பருக்குப் போய்க்கொண்டிருக்கிற இடங்கள் இருக்கு.

கேள்வி: கிளிநொச்சியிலை கடை. சொப்ட்வெயர் போட்டுத் தந்த பெடியன் இப்ப கட்டாரிலை. அட்மின் அவனிட்டைத்தான். நல்ல பெடியன், கேட்டாச் செய்து தருவான். பேந்தென்ன?

பதில்: நல்ல பெடியன் எண்டா கேட்டாத் தருவான், இண்டைக்கே கேளுங்கோ. அவனுக்கும் அது சுமைதான், உங்கட டேட்டா அழிஞ்சா முதல்லை நினைக்கிறது அவனைத்தானே. சொப்ட்வெயர் அட்மின் மட்டும் இல்லை, அதுக்குப் பின்னாலை இருக்கிற டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், கிளவுட் எண்டா அது பதிஞ்ச மெயில், பேக்கப் போற ட்ரைவ், லைசன்ஸ் ஆற்றை பேரிலை எண்டது, எல்லாத்தையும் உங்கட மெயிலுக்கும் உங்கட நம்பருக்கும் மாத்துவியுங்கோ. அவன் இனியும் திருத்த வேலை செய்யிறதெண்டா அவன்ர பேரிலை தனி யூசர், வேலை இருக்கிற நாள் திறந்து விட்டு முடிஞ்சதும் மூடுறது. அவனுக்குக் குடுக்க வேண்டிய மிச்சக் காசு ஏதும் இருந்தா, பேக்கப்பை வேற கொம்பியூட்டர் ஒண்டிலை போட்டு உங்கட லொகினாலை திறந்து பாத்து, போன மாசப் பில் ஒண்டு வருதோ எண்டு பாத்திட்டு அனுப்பிவிடுங்கோ.